சோளகக் காலத்தில் குடும்பத்தோடு மீன்பிடிக்க எங்கே போவது: பரவைக்கடலா, கரைவலையா, படகா?

ரொறன்ரோவில் இருக்கும் அத்தான் விமான டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுவிட்டார்: "இந்த முறை பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் தங்கள் கையாலேயே மீன் பிடிக்க வேண்டும். எங்கே போகலாம் என்று பார்த்து வையுங்கள்." அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பிறந்து வளர்ந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் கல்லுண்டாய்ப் பக்கம் போய்த் தூண்டில் போட்ட கதையைப் பிள்ளைகளுக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கதையைக் கேட்டு வளர்ந்தார்களே தவிர, ஒரு மீனும் பிடித்ததில்லை.

நாங்கள் மொத்தம் பதினொரு பேர். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் நோவு. அக்காவின் மகனுக்கு 14, மகளுக்கு 9, என் மகனுக்கு 6. மற்றவர்கள் பெரியவர்கள், அவர்களில் நீந்தத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். வருவது ஆகஸ்ட் மாதத்தில். வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பல குடும்பங்களின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஆகவே எங்களுக்காக விசாரித்து வைத்ததையும் முன்பு போய்ப் பட்டறிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இதே ஆகஸ்டில், தீவுப்பக்கக் கரை ஒன்றிலிருந்து படகு பேசிப் போனோம். ஏழு மணிக்கு வரச் சொன்ன படகு பத்தரைக்குத்தான் வந்தது. ஒன்பது பேருக்கு நான்கு உயிர்காப்பு அங்கிகள். அவற்றுள் ஒன்றின் கொக்கி உடைந்திருந்தது. பிள்ளைகளுக்கு அங்கியைப் போட்டுவிட்டுப் பெரியவர்கள் வெறுமனே ஏறினோம். இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. கரையை விட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, தென்மேற்குக் காற்றான சோளகம் எழுந்துவிட்டது. படகு ஒவ்வோர் அலையிலும் ஏறி, தலைகுத்தி விழுந்தது. மண்ணெண்ணெய்ப் புகை முகத்தில் அடிக்க, அக்காவின் மகள் சத்தி எடுக்கத் தொடங்கினாள். தூண்டில் சுற்றிய கட்டையை ஒருவரும் அவிழ்க்கவே இல்லை. கரையேறியதும், "இனி நான் கடலுக்கு வரமாட்டேன்" என்றாள் பிள்ளை. அப்போது அவளுக்கு ஆறு வயது.

அங்கி குறைந்தது படகுக்காரரின் பிழை. ஆனால் அந்த மாதத்தில், அந்தத் திசைக் கரையில், அந்த நேரத்தில் போகலாமா என்ற கேள்வியை நாங்களும் எவரிடமும் கேட்கவில்லை.

இடத்துக்கு முன் காற்று

யாழ்ப்பாணத்தில் "எந்தக் கடற்கரை நல்லது?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். குடாநாட்டின் ஒரு பக்கம் கொந்தளிக்கும்போது மறுபக்கம் அடங்கிக் கிடக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். அப்போது காரைநகர், ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நெடுந்தீவு என்று மேற்கைப் பார்த்த கரைகள் காற்றை நேரே வாங்கும். வடமராட்சி கிழக்குக்கோ அதே காற்று நிலத்தைக் கடந்துதான் வருகிறது. கரையோர நீர் தணிந்திருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடை எழும்பினால் எல்லாம் தலைகீழாகிவிடும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரைகளில் அலை கல்லில் மோதிச் சிதறும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பெரும் பட்டங்களை எல்லாம் தூக்கி நிறுத்துவது அந்த வாடைதான்.

இரண்டுக்கும் நடுவே பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். குடும்பத்தோடு படகில் போயே ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வாருங்கள். வெயில் கொளுத்தும், பின்னேரங்களில் இடிமழை வரலாம். ஆனாலும் விடியற்காலைக் கடல் பிள்ளைகளுக்கு ஏற்றதாக இருக்கும். மார்கழி விடுமுறையில் வருகிறவர்களுக்கு நான் படகைப் பரிந்துரைக்கவே மாட்டேன். மழையும் தாழமுக்கமும் வரும் மாதம் அது.

ஆகஸ்டில் காற்றுக்கு ஒரு நாளொழுங்கும் உண்டு. விடியும்போது தணிந்திருந்து, வெயில் ஏற ஏற வலுக்கும். காலை ஐந்தரை தொடக்கம் எட்டரை வரையான மூன்று மணி நேரம்தான் குடும்பத்துக்கு உரியது. பத்தரைக்குப் புறப்பட்ட எங்களுக்கு நடந்தது நடக்க வேண்டியதுதான்.

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கென்று தனியாக முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் "புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை" என்று ஒரு துண்டும், "காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக" என்று இன்னொரு துண்டும் அடிக்கடி வரும். நம் குடாநாடு இந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருக்கிறது. தீவுப்பக்கம் போகிறவர்கள் முதலாவதைப் பார்க்க வேண்டும்; வடமராட்சி கிழக்குக்குப் போகிறவர்கள் இரண்டாவதைப் பார்க்க வேண்டும். வானொலியில் ஒரு துண்டை மட்டும் கேட்டுவிட்டுப் புறப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

பரவைக்கடல்

யாழ்ப்பாணக் களப்பைத் தொழிலாளர்கள் பரவைக்கடல் என்பார்கள். பரந்து கிடக்கும், ஆழமில்லாத கடல். பல இடங்களில் இடுப்பளவுதான் நீர். சோளகம் அடித்தால் இங்கும் நீர் கலங்கும், சிற்றலை எழும்பும். ஆனால் காலுக்குக் கீழே நிலம் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் 74 வயது அம்மாவுக்கும் ஒரே இடத்தில் இடம் கொடுக்கக்கூடிய கடல் எங்களிடம் இது ஒன்றுதான்.

நகரிலிருந்து கிட்டிய இடம் பண்ணைத் தாம்போதி. கோட்டையைத் தாண்டி மண்டைதீவுப் பக்கம் போகும் தெரு. தெருவுக்கு அடியில் நீர் ஓடும் திறப்புகள் இருக்கின்றன. வற்றுக்கும் பெருக்குக்கும் நீர் அதனூடாக இழுபடும்போது மீனும் அங்கே கூடும். வீச்சுவலைக்காரர்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆனால் வாகனங்கள் வேகமாக ஓடும் தெரு அது. சிறுபிள்ளைகளோடு போகிறவர்கள் ஓரமாக இறங்கி நிற்கத்தக்க இடம் பார்த்துத்தான் நிற்க வேண்டும். நிழலும் கிடையாது. இன்னும் அமைதி வேண்டுமென்றால் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் பாலம் வரை போகலாம். தூரம் கூடினாலும் வாகனம் குறைவு. வானைத் தெருவோரம் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தால் அம்மா உள்ளேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கோலும் சக்கரமும் வேண்டாம். கைத்தூண்டில் போதும். தங்கூசி நூல், சின்ன முள், ஒரு சிறு ஈயம், இரைக்கு இறால் துண்டு. பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, நூலைச் சுட்டுவிரலின் மேலாக விட்டுப் பிடிக்கும் முறை. நூல் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் இழுக்கக் கூடாது. நீரோட்டம் நூலை அசைப்பதும் மீன் தட்டுவதும் வேறு வேறு. நீரோட்டம் இழுத்தபடி இருக்கும். கீளி கடித்தால் டக், டக் என்று இரண்டு தட்டு, பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை, அதன் பிறகுதான் இழுவை. அந்த ஒரு கணத்தில் பிள்ளை மூச்சை அடக்கிக்கொண்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும். சென்ற பங்குனியில் என் மகன் அப்படித்தான் பார்த்தான். விரலளவே இருந்த கீளி மேலே வந்து, கையில் பிடித்ததும் கர்ர் என்று சத்தமிட்டது. "அப்பா, மீன் கதைக்கிறது" என்றான். கீளிக்கு அந்தச் சத்தம் இயல்பு. அதன் செவுள் மூடியில் கூரிய முள் இருப்பதால் துணியால் பிடித்துத்தான் தூண்டிலைக் கழற்ற வேண்டும்.

தூண்டிலில் பொறுமை போனால் நண்டு. தடித்த நூலில் ஒரு மீன்தலையைக் கட்டி நீரில் போட்டு வைக்க வேண்டும். நண்டு வந்து பற்றிக்கொண்டால் நூல் பக்கவாட்டில் நகரும். அப்போது மிக மெதுவாக, நண்டுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக, நூலை இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும் இன்னொருவர் கீழிருந்து கைவலையால் அள்ள வேண்டும். மேலிருந்து அள்ளினால் விட்டுவிட்டு ஓடிவிடும். அக்காவும் அத்தானும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை. ஒன்பது வயதுக்காரிக்கும் ஏற்றது. வயிற்றுப் பக்கம் பஞ்சுபோலச் சினை ஒட்டியிருக்கும் நண்டு வந்தால் திரும்ப விட்டுவிடுங்கள். பரவைக்கடலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய அடுத்த பருவம் அந்தச் சினையில்தான் இருக்கிறது.

நீருக்குள் வரிசையாகக் கம்புகள் நட்டு வலை கட்டியிருப்பதைக் காண்பீர்கள். களங்கண்டி என்பது அதுதான். மீன் வேலியோரமாக வந்து வழிதவறி உள்ளே போய் அடைபடும். சிறகுவலையும் உண்டு. அண்மைக் காலத்தில் கடலட்டைப் பண்ணைகளும் பெருகிவிட்டன. அவற்றின் நடுவே காவல் கொட்டிலும் இருக்கும். இவை எல்லாம் ஒருவருடைய முதலீடு. கிட்டப் போய்த் தூண்டில் போடுவதும், கம்பைப் பிடித்துக்கொண்டு நின்று படம் எடுப்பதும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வேலிக்கு அப்பால் நின்று காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

நச்சு முள்ளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓரா மீன் சுவையானது. ஆனால் அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு. கெளுத்தியும் குத்தும். திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலால் அடிக்கும். நீரில் நடப்பதென்றால் செருப்போடு, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டு நடக்க வேண்டும். திருக்கை விலகிப் போய்விடும். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காயத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருப்பது நோவைத் தணிக்கும். அதனால் நாங்கள் ஒரு சுடுநீர்ப் போத்தலைத் தேநீருக்கென்று அன்றி, முள்ளுக்கென்றே தனியாகக் கொண்டுபோகிறோம். வீக்கமோ மூச்சு முட்டலோ கண்டால் தாமதிக்காமல் 1990 அம்புலன்சை அழைக்க வேண்டும். பண்ணையில் நின்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிட்டத்திலேயே இருக்கிறது. அந்த நெருக்கம் எனக்குப் பெரிய ஆறுதல்.

குறை என்று சொன்னால், மீன் சின்னது. பெரிய மீன் பிடிக்கும் ஆசையோடு வரும் அத்தானுக்கு இது போதாது. கழிப்பறையும் கிடையாது, வீட்டிலிருந்து புறப்படும்போதே அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கரைவலை

ஆகஸ்டில் வருகிறவர்கள் வடமராட்சி கிழக்கை மறந்துவிடக் கூடாது. மணற்காடு தொடங்கி நாகர்கோவில், செம்பியன்பற்று, தாளையடி, கட்டைக்காடு வரை நீளும் அந்தக் கரை, சோளகக் காலத்தில் கரைவலைக்கு ஏற்றது. மேற்கே படகு குத்திக்கொண்டிருக்கும் அதே காலையில் இங்கே வள்ளம் அமைதியாக வலையைச் சுமந்துகொண்டு புறப்படும்.

கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாகப் போகிறது. போகிற போக்கில் வலை இறங்குகிறது. மறு நுனியோடு சற்றுத் தள்ளிக் கரை சேர்கிறது. பிறகு இரண்டு அணிகள் இரண்டு கயிற்றையும் பிடித்து இழுக்கத் தொடங்குகின்றன. இழுக்க இழுக்க இரு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி வரும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மீன் சேரும் பையான மடி கரைக்குக் கிட்ட வரும்போது பறவைகள் முந்திவிடும். நீர் வெள்ளி வெள்ளியாகத் துள்ளத் தொடங்கியதும் எல்லாருடைய குரலும் உயரும். மடியை மணலில் ஏற்றி அவிழ்த்தால் சூடை, நெத்தலி, காரல், இடையில் ஒன்றிரண்டு கணவாய், கோபத்தில் மை கக்கியபடி. ஆமை அகப்பட்டால் உடனே கடலில் விட்டுவிடுவார்கள். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிர்.

பிள்ளைகள் கயிறு பிடிக்கலாமா என்றால், வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டுத்தான். முதல்நாளே போய்க் கேட்பது நல்லது. அது அவர்களுடைய தொழில் நேரம். கயிற்றில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. விருப்பத்தோடு இடம் கொடுப்பார்கள், ஆனால் நாம் விருந்தாளிகள் என்பதை மறக்கக் கூடாது. ஈரக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். பழைய பருத்திக் கையுறை ஒரு சோடி பிள்ளைகளுக்குக் கொண்டுபோங்கள். சில இடங்களில் உழவு இயந்திரத்தில் உருளை பூட்டி இழுக்கிறார்கள். அப்படி இழுக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கயிற்றுக்குக் கிட்ட விடவே கூடாது. இறுகி நிற்கும் கயிறு அறுந்தால் சாட்டையாக அடிக்கும். கையால் இழுக்கும் வாடியாக, அதாவது கரையோர மீன்பிடிக் குடிலாக, பார்த்துப் போங்கள்.

எங்கள் தெரிவு மணற்காடு. சவுக்கங்காட்டு நிழல் இருக்கிறது. அம்மா பாய் விரித்து இருக்கலாம். மணல்மேடுகள் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி. மணலில் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் இடிபாட்டையும் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையை அடித்துக்கொண்டு போனது. இங்கே உறவை இழக்காத வீடு குறைவு. கல்லறைகள் இருக்கும் பக்கம் பிள்ளைகளை ஓடி விளையாட விடாமல், ஏன் என்று சொல்லிக் கூட்டிப் போவது நம் கடமை. கத்தோலிக்கத் தொழிலாளர்கள் வாழும் ஊர் என்பதால் ஞாயிற்றுக்கிழமையில் வலை பார்க்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் தணிந்து தெரியும்; அதே காற்று காற்றடைத்த வளையத்தையும் மிதவையையும் அதில் இருக்கும் பிள்ளையையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையிலிருந்து பார்க்கையில் அது ஆபத்தாகத் தெரியாது. இந்தக் கரைக்கு அவற்றைக் கொண்டுபோகவே வேண்டாம். அடுத்தது, நாகர்கோவில் பக்கம் நெடுங்காலம் போர்முனையாக இருந்த நிலம். கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுச் சின்னமோ நாடாவோ கண்டால் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது.

வாகனம் இல்லாமல் இங்கே வருவது சிரமம். யாழ்ப்பாணத்திலிருந்து 750 பஸ்ஸில் பருத்தித்துறைக்கு வந்துவிடலாம். அதற்கு மேல் ஆட்டோதான். விடியற்காலை வலைக்கு அந்த வழி சரிவராது. நாங்கள் வான் பிடித்துக்கொண்டு நான்கு மணிக்கே புறப்படுவதாக இருக்கிறோம்.

படகு

படகில் போகும் ஆசை பெரியவர்களுக்கு இருந்தால் அதை அடக்க வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கரையில் அம்மாவோடும் அக்காவோடும் விட்டுவிட்டு மூன்று நான்கு பேர் மட்டும் போகலாம். வழக்கமான 18 அடி ஃபைபர் படகுக்கு, ஓட்டுபவரையும் உதவியாளரையும் தவிர, நான்கு பேருக்கு மேல் தூண்டிலோடு இருந்தால் முழங்கை இடிக்கும்.

வடக்குக் கரையில், மயிலிட்டி தொடங்கிப் பருத்தித்துறை வரை, கடலடியில் பாறைத்திட்டுகள் இருக்கின்றன. பார் என்பார்கள். விளைமீன், கலவாய், பாரை எல்லாம் அங்கே கிடைக்கும். வல்வெட்டித்துறைப் பக்கக் கரையோரமே முருகைக்கல், அதாவது பவளப்பாறை. அதன் நடுவே படகு போய்வரும் ஒடுங்கிய வழியை வான் என்று அழைப்பார்கள். அந்த வழி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. அந்த ஊரிலே பிறந்தவர் கரையில் இருக்கும் மரத்தையும் கோபுரத்தையும் அடையாளம் வைத்துப் படகை உள்ளே விடுவார். அதனால்தான் வெளியூர்ப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்கு வரக் கூடாது என்கிறேன். அந்த ஊர்ப் படகு, அந்த ஊர் ஆள்.

தேடும் வழி எளிது. ஒவ்வொரு கரையூரிலும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே போய்ச் சொன்னால் பதிவுள்ள படகும் அனுபவமுள்ள ஆளும் கிடைப்பார்கள். கடற்படைக்கு அறிவிக்க வேண்டிய நடைமுறையும் அவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டையையும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் பிரதியையும் கையில் வைத்திருங்கள். கரையில் நின்று கூப்பிடுபவரின் படகில் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏறுமுன் நான் பார்ப்பவை: ஆளுக்கோர் அங்கி, கொக்கியைப் பூட்டிப் பார்த்து. எஞ்சின் நின்றால் மாற்று என்ன, துடுப்பு இருக்கிறதா. தொலைபேசி நனையாமல் பொலித்தீனில் சுற்றியிருக்கிறதா. இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பணத்தைப் பார்க்காமல் திரும்பிவிட வேண்டும். கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டிப் போகத் தேவையில்லை. பாக்குநீரிணை ஒடுங்கிய கடல். 1974இல் செய்த உடன்படிக்கை வரைந்த எல்லைக்கோடு அதன் நடுவே ஓடுகிறது. இரவில் எல்லை தாண்டி வரும் இழுவைமடிப் படகுகளால் நம் தொழிலாளர்கள் வலையை இழந்து நிற்பதை ஆண்டுக்கணக்காகப் பார்க்கிறோம். இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தடைக்காகப் போராடியவர்களின் கடலில் நாம் ஒரு காலைப்பொழுதைக் கழிக்கப் போகிறோம்.

கூலியைப் பேசும்போது அதையும் மனதில் வையுங்கள். நம்மை ஏற்றும் நாளில் அவர் தன் தொழிலை விடுகிறார். எரிபொருளும், இருவர் கூலியும், அன்று அவர் பிடித்திருக்கக்கூடிய மீனின் பெறுமதியும் சேர்ந்ததுதான் நியாயமான விலை. முதல்நாளே வாய்விட்டுப் பேசி முடியுங்கள். காற்று கூடினால் போகாமல் விடுவது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டால், காலையில் அவர் நமக்காகத் துணிந்து இறங்க மாட்டார்.

வயிறு வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் சத்தி வரும். பாணும் வாழைப்பழமும் போதும். தேசிக்காய் ஒன்றை மோந்துகொண்டு, கண்ணைத் தூரத்துக் கரையில் வைத்திருக்க வேண்டும். எஞ்சினுக்குக் கிட்ட இருக்காதீர்கள்.

கசூரினாவும் நெடுந்தீவும்

காரைநகர்க் கசூரினா குளிப்பதற்கு அருமையான கரை. நெடுந்தூரம் ஆழமில்லாமல் போகும் நீர். ஆனால் அதே காரணத்தால் தூண்டிலுக்கு உதவாது. குளிப்பவர்களுக்கு நடுவே முள்ளை வீசுவதும் முறையன்று. நெடுந்தீவுக்குப் போய்வருவது ஒரு முழுநாள் பயணம். குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகோட்டம், படகு நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டும், ஆகஸ்டில் அலையும் கூடுதல். தீவைப் பார்க்கப் போங்கள். மீன்பிடிக்க என்று போகாதீர்கள்.

நல்லூர்

ஆகஸ்டில் இதை மறந்து திட்டம் போட முடியாது. நல்லூர்த் திருவிழா 25 நாள். கொடியேறினால் எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், கிடையாது. அம்மா சட்டியையே மாற்றிவிடுவார். அந்த நாட்களில் பிள்ளைகள் பிடித்த மீனை எங்கே கொண்டுபோவது? சமைக்காமல் கொடுத்துவிடலாம் என்று அக்கா சொன்னார். "விரத நாளில் பிடிப்பதும் வேண்டாம், பிள்ளை" என்றார் அம்மா. அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. பிடித்த மீனை அன்றே கூழாக்கிக் குடிக்கும்போதுதான் அந்த நாள் முழுமையாகிறது. ஒடியல் மாக் கரைத்து, நண்டும் சின்ன மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி விட்டு இறக்கிய கூழைப் பிலாவிலையில் ஊற்றி முற்றத்தில் எல்லாரும் சுற்றி இருந்து குடிக்க வேண்டும். பரவைக்கடலின் சின்ன மீனுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

ஆகவே திருவிழாவை நிறைவு செய்யும் வைரவர் மடை முடிந்த பிறகுதான் கடல். அத்தான் திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்ப ஐந்து நாள் தள்ளிப் போட்டுவிட்டார். தீர்த்தம் அமாவாசையில் வருவதால் அதன் பிறகு வருவது இருட்டுக் காலம். நிலவு காலத்தைவிட வலையில் மீன் கூடுதலாகப் படும் என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். கரைவலைக்குப் போகும் எங்களுக்கு அதுவும் பொருந்தி வருகிறது.

எங்கள் முடிவு

இரண்டு காலைகள் எடுத்திருக்கிறோம். முதல் காலை மணற்காட்டில் கரைவலை, பதினொரு பேரும். இரண்டு நாள் இடைவெளி விட்டு, இரண்டாவது காலை வாணர் பாலத்தில் தூண்டிலும் நண்டும். அன்று மதியம் கூழ். ஒன்றை மட்டுமே தெரிவு செய்ய வேண்டியிருந்தால் நான் பரவைக்கடலைத்தான் எடுப்பேன். கரைவலையில் பிள்ளைகள் பெரும்பாலும் பார்வையாளர்கள். பாலத்தடியில் பிடிக்கும் கீளி அவர்களுடையது.

அத்தானுக்குப் படகு தனியாக, மூன்று பேரோடு, வடக்குக் கரையிலிருந்து. அது காற்றைப் பொறுத்தது. கிடைக்காமல் போனால் சித்திரையில் பார்த்துக்கொள்வோம் என்று அவரும் ஒப்புக்கொண்டார். அவர் மகனை ஏற்றுவதா என்று அக்காவும் அவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்குப் பொருந்தும் அங்கி சங்கத்தில் இருந்தால் ஏற்றலாம் என்பது என் எண்ணம்.

மணற்காட்டுச் சம்மாட்டியிடம் சென்ற கிழமை போய்ப் பேசினேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று என்றேன். "ஒரு பிள்ளைக்குக் கடல் பயம். முன்பு ஒரு தடவை படகில் பட்டுவிட்டாள்" என்று சொன்னேன். "கயிற்றின் கடைசி நுனியில், மணலில் நிற்கட்டும். அலை அங்கே வராது" என்றார். இதை ரொறன்ரோவுக்குச் சொன்னபோது அவளே தொலைபேசியை வாங்கி, கால் நனையுமா என்று கேட்டாள். நனையாது என்றேன். கையுறை என்ன நிறத்தில் வாங்குவீர்கள் என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

போவதற்கு முதல்நாள் மாலை ஆறு மணிக்கு அழைக்கச் சொல்லியிருக்கிறார் சம்மாட்டி. வலை இறக்குவார்களா இல்லையா என்பதைக் காற்றைப் பார்த்துவிட்டு அப்போது சொல்வார்.